அரிப்பு மூங்கில் பூத்த வருடம்

சியாம்கிமியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு மூங்கிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு மேலே, எப்போதும் மேகம் படுத்துக் கிடக்கும் முகட்டில் அது வளர்ந்தது. விரல் தடிமன்தான் இருக்கும். தனியாக நிற்கத் தெரியாது. பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து சாய்ந்து ஏறி, உச்சிக்குப் போனதும் நுனியைக் கீழே தொங்கவிடும். தண்டு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். கணுக்களை மூடியிருக்கும் உறையில் பழுப்பு மயிர் இருக்கும். அது கையில் பட்டால் சோறு தின்னக்கூட விடாமல் அரிக்கும். கூடை பின்ன உதவாது, சுவர் வைக்க உதவாது, குருத்தோ வாயில் வைக்க முடியாத கசப்பு. மூங்கிலில்லாமல் ஒரு நாளும் நகராத எங்கள் ஊர், அதற்கு மட்டும் அரிப்பு மூங்கில் என்று ஒரு பெயரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை விரும்பிய ஒரே ஆள் வான்குங்கா, சியாம்கிமியின் கணவர். அதன் நுனி சாட்டை மாதிரி வளையும், தூண்டிலுக்கு அதைவிட நல்லது இல்லை என்பார். கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு முகட்டுக்குப் போய் வெட்டி வருவார். பிறகு நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே மீன் பிடிப்பார். தேவாலயத்தில் பாடற்குழுவில் நிற்கும்போதும் சொறிவார். "பாட்டுக்குத் தாளம் போடுறியா, சொறியிறியா?" என்று அவருடைய அண்ணன் ராங்துலா பெஞ்சிலிருந்தே கேட்பார்.

ஒரு வருடம் எங்கள் மாநிலத் தலைநகர் ஐஸாலிலிருந்து ரெம்சாங்கா என்ற தாவரவியல் ஆசிரியர் ஆர்க்கிட் பூக்களைத் தேடி வந்தார். தங்கியது வான்குங்கா வீட்டில். மலைக்குக் கூட்டிப் போன வான்குங்கா, ஆர்க்கிட்டைக் காட்டிவிட்டு, தன் மூங்கிலையும் பெருமையாகக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் வெறுங்கையால் பிடித்துவிட்டார். மாலையில் சியாம்கிமி பன்றிக் கொழுப்பைச் சூடாக்கி அவர் கைகளில் தடவ வேண்டியதாயிற்று.

"சார், இதுக்கு மருந்து ஒண்ணும் இல்ல. கல்யாணம் மாதிரி. பழகிக்கணும்" என்றார் வான்குங்கா.

"சாருக்கு நான் பாத்துக்கிறேன். உங்களுக்குக் கொழுப்பே வேணாம், ஏற்கெனவே நெறைய இருக்கு" என்றாள் சியாம்கிமி.

ஆசிரியர் கையைச் சொறிந்தபடியே, தான் பார்த்த எந்த மூங்கிலோடும் இது சேரவில்லை என்றார். வெளியுலகத்துக்கு இது தெரியாத இனமாக இருக்கலாம், ஆனால் பூவைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்றார். எல்லோரும் கொஞ்சம் சிரித்துவிட்டு மறந்தோம்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பிய பிக்கப் வண்டி, சாலை சரிந்து ஆற்றில் விழுந்தது. ஓட்டியவர் ஒரு மரத்தைப் பிடித்துத் தப்பினார். வான்குங்கா பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தவர். ஊர் இளைஞர்கள் எல்லோரும் ஆற்றோடு இறங்கினார்கள். கரை கரையாக, அடுத்த மாவட்டம் வரைக்கும் போனார்கள். வண்டி கிடைத்தது. அரிசி மூட்டைகூட ஒன்று கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. தேடிக் களைத்துத் திரும்பியவர்கள் சியாம்கிமியின் வீட்டு வாசலில் ஈரத்தோடு நின்று, "எங்கயாவது கரை ஒதுங்கியிருக்கலாம் அக்கா. இல்லாமலும் இருக்கலாம்" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

அண்ணன் ராங்துலா கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தார்.

"பேரு செதுக்க ஆளு வரச் சொல்லட்டுமா, ஜோவி அம்மா?" என்று கேட்டார். ஜோவி அவர்களுடைய மகள். அவளும் நானும் ஒரே வகுப்பு. அப்போது அவளுக்கு முன்பல் விழுந்திருந்த வயது.

"வேணாம்ணே. ஆளில்லாத குழிக்குக் கல்லு எதுக்கு?"

"ஊர்ல நாலு பேரு கேப்பாங்க."

"கேக்கட்டும். கல்ல வெச்சுட்டா தேடுறத நிறுத்திட்டோம்னு ஆயிடும்."

செய்தி கேட்டு ரெம்சாங்கா சார் வந்தார். நெருப்பருகே வெல்லம் போட்ட தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், அந்த மூங்கில் புதுசுதான் என்று உறுதியானால், அதற்குக் காட்டிக்கொடுத்தவரின் பெயரையே வைக்கலாம், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்றார்.

"எல்லா ஊர்லயும் அந்தப் பேர்லதான் சொல்வாங்களா?" என்றாள் சியாம்கிமி.

"ஆமாக்கா. எந்த நாட்டுக்காரன் எழுதினாலும் அந்தப் பேருதான். ஆனா பூ வேணும். எலையப் பாத்தா எந்த ஊருன்னு சொல்லலாம். பூவப் பாத்தாத்தான் எந்தக் குலம்னு சொல்ல முடியும்."

"எப்ப பூக்கும்?"

"தெரியாது. பத்து வருஷமும் ஆகலாம், அறுபது வருஷமும் ஆகலாம். ஒருதடவ பூக்கும், விதை விடும், மொத்தத் தூறும் செத்துப்போகும். விதைலேருந்து மறுபடி வரும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் நெல்லை வீட்டில் சேர்த்த பிறகு சியாம்கிமி முகட்டுக்குப் போனாள். முதுகுக்கூடையில் விறகு கொண்டுவரப் போவதாகச் சொல்வாள். விறகுக்கு அவ்வளவு தூரம் போக யாருக்கும் பைத்தியமில்லை. திரும்பி வந்ததும், தொலைபேசி எடுக்கும் ஒரே இடமான பள்ளிக்கூட மேட்டில் நின்று, "பூக்கல சார்" என்பாள். அந்தப் பக்கமிருந்து, "பரவால்லக்கா, உடம்பப் பாத்துக்கோங்க" என்று வரும். ஒரு வருடத்துக்கு அவர்களுடைய பேச்சு அவ்வளவுதான்.

"மலைமேல அப்பாவ விட்டுட்டு வந்த மாதிரியில்ல ஓடுற" என்று ஜோவி ஒருமுறை எரிச்சலோடு கேட்டுவிட்டாள்.

சியாம்கிமி கோபப்படவில்லை. "கீழ அந்தப் பேரச் சொன்னா எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கறாங்கடி. பாவம்னு பாக்கறாங்க. அப்பறம் நானே சொல்றத விட்டுட்டேன். மேல போனா சத்தமா சொல்லலாம். ஒரு மூங்கிலும் தலையக் குனியாது." அப்புறம் யோசித்து, "ஏற்கெனவே தொங்கவிட்டுக்கிட்டுதான் இருக்கு" என்று சிரித்தாள்.

பிறகு அம்மா சொன்னதைத்தான் ஜோவி என்னிடம் பலமுறை திரும்பச் சொல்லியிருக்கிறாள். "எங்கயோ தெரியாத ஊர்ல, நம்மளத் தெரியாத ஒருத்தன், பாவம்னு நெனைக்காம, சாதாரணமா, உங்கப்பா பேரச் சொல்லணும். அத ஒருதடவ கேட்டாப் போதும்."

அந்த ஒரு ஆசையைத் தவிர சியாம்கிமி எல்லாரையும் போலத்தான் இருந்தாள். மலைப்புனத்தில் மிளகாயும் இஞ்சியும் போட்டாள். சனிக்கிழமை சந்தையில், அரைக் கிலோ கேட்டவருக்குக் கூடவே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். ஊர் முழுக்க மதிக்கும் காரமான பன்றிக்கறிக் குழம்பு வைத்தாள். டவுனுக்குப் போக ஆற்றோரச் சாலை குறுக்குவழி. அவள் மட்டும் மலையைச் சுற்றிப் போகும் பழைய பாதையில் நடந்தாள்.

ஜோவி ஐஸாலில் கடை வேலைக்குப் போன பிறகு வந்த குளிர்காலத்தில், மூங்கில் பூத்தது.

பூ என்றால் கண்ணைப் பறிக்கும் பூ இல்லை. இலைகளெல்லாம் உதிர்ந்து, தொங்கிய நுனிகளில் பழுப்பும் பச்சையுமாகக் கதிர் கதிராக, ஏறக்குறைய நெல் பூத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஊதா நிறத்தில் சின்ன மகரந்தப் பைகள் வெளியே வந்து காற்றில் ஆடும். முகடு முழுவதும் ஒரே நேரத்தில் அப்படி ஆடிக்கொண்டிருந்ததாம். சியாம்கிமி அதற்குக் கீழே உட்கார்ந்து அழுதாளாம். பிறகு ஒரு சின்னக் கிளையை ஒடித்துக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடி வந்தாள்.

"பூத்துடுச்சு சார்!"

ரெம்சாங்கா சார் அப்போது கொல்கத்தாவில் இருந்தார். அடுத்த வாரம் வந்துவிடுவேன், எதையும் தொடாமல் வையுங்கள், விதை பிடிக்கட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியின் அடியில் இருந்த, கல்யாணத்துக்கு நெய்த புவானை, எங்கள் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணியை, எடுத்துக் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தாள். எங்கள் ஊரில் நல்ல புவானை யாரும் பார்க்காமல் விடமாட்டார்கள். ராங்துலாவின் மனைவி பியாக்வேலி ஆராதனை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டாள்.

"என்னடி கிமி, மாப்பிள்ள பாத்துட்டியா? இவ்வளவு மினுக்கு?"

"போங்கக்கா. தேநீர் குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன். மொதல்ல ஆளு யாருன்னு சொல்லு." சொல்லிக்கொண்டே பியாக்வேலி அலமாரிப் பக்கம் திரும்பினாள். அங்கே தண்ணீர் பாட்டிலில் அந்தக் கிளை நின்றது. அவளுடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அடிப்பாவி. மூங்கில் பூவ வீட்டுக்குள்ள வெச்சிருக்கியே."

பியாக்வேலியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மலையில் மூங்கில் பூ என்றால் பஞ்சம். கீழ்க்காட்டுப் பெரிய மூங்கில் ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கும். பேரிக்காய் அளவு காய் காய்க்கும். அதைத் தின்று எலிகள் பெருகும், காய் தீர்ந்ததும் புனத்துக்கு வரும். அதற்கு மவுதாம் என்று பெயர். போன மவுதாமில் நானும் ஜோவியும் கைக்குழந்தைகள். மாலையில் விளைந்து நின்ற நெல், காலையில் வெறும் தாளாக நின்றதாம். ராங்துலாவும் பியாக்வேலியும் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். அவர்களுடைய கடைசிக் குழந்தை அந்த வருடம்தான் போனது. அதைப் பற்றி அவர்கள் பேசியதே கிடையாது.

ராங்துலா அப்போது ஊர்த்தலைவர். மறுநாள் கூட்டம் போட்டார். பேச்சு ஒரே பக்கமாக ஓடியது: விதை பிடிப்பதற்குள் வெட்டி எரித்துவிட வேண்டும். சியாம்கிமி எழுந்து நின்றாள்.

"இது அந்த மூங்கில் இல்லண்ணே. இதோட விதை அரிசி அளவுகூட இல்ல, புல்லு விதை மாதிரின்னு சார் சொல்றாரு. இதத் தின்னு எந்த எலி கொழுக்கும்?"

"எலி உன் சார்கிட்டக் கேட்டுக்கிட்டா திங்கும்?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

சியாம்கிமி ராங்துலாவை மட்டும் பார்த்துப் பேசினாள். "இதுக்கு வைக்கப் போறது உங்க தம்பி பேரு அண்ணே. எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும்தான் அது வேணும்."

ராங்துலா தன் கைகளைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா செத்தவன் பேருக்காக இருக்கிறவங்க சட்டியக் காலியா வைக்கச் சொல்றியா?"

அன்று மதியம் அவளே அவரைப் பள்ளிக்கூட மேட்டுக்குக் கூட்டிப்போய் ரெம்சாங்கா சாரோடு பேச வைத்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். சார் பொறுமையாக விளக்கினார். உலகத்திலேயே இந்த ஒரு முகட்டில்தான் இது இருப்பதாகத் தெரிகிறது, விதை விழாவிட்டால் இனமே போய்விடும் என்றார். ராங்துலா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சார், நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். நீங்க படிச்சவரு. ஆனா அந்த வருஷம் ஐஸால்ல கடையில அரிசி இருந்துச்சு. இங்க இல்ல. நாளைக்கு ஏதாவது ஆனா, தலைவரு பூத்ததப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தாருன்னு இந்த ஜனம் என்னத்தான் கேக்கும்."

"அப்ப வெட்டறதுக்கு முன்னாடி பூக்கிளைங்களையாவது அக்கா எடுத்துக்கட்டும். எப்படின்னு அவங்களுக்குச் சொல்றேன்" என்றார் சார்.

"அதுக்கு நான் பொறுப்பு" என்றார் ராங்துலா.

மாலையில் ஒலிபெருக்கியில் ஊர்வேலை அறிவித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், வெட்டுக்கத்தியோடு. அப்பாவுக்குக் கால் சரியில்லாததால் எங்கள் வீட்டிலிருந்து நான் போனேன். சியாம்கிமியின் வீட்டிலிருந்து சியாம்கிமி வந்தாள். வராமல் இருக்கலாம் என்று ராங்துலா சொல்லியனுப்பியிருந்தார். "ஊர்வேலைக்கு வராத வீடுன்னு என் வீட்ட யாரும் சொல்லக் கூடாது" என்று பதில் அனுப்பியிருந்தாள்.

மேலே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பூத்த முகட்டை அதுவரை சியாம்கிமியைத் தவிர யாரும் பார்த்ததில்லை. ராங்துலா, தேநீர் கொதிக்கும் வரைக்கும் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது என்றார். அடுப்புக்கு ஈர விறகாகப் பார்த்து அவரே பொறுக்கி வைத்தார். தண்ணீர் கொதிக்க நிறைய நேரம் ஆயிற்று.

அந்த நேரத்தில் சியாம்கிமி பழைய செய்தித்தாள்களை விரித்து, கிளைகளை வெட்டி, மடியாமல் பரப்பி, மேலே இன்னொரு தாள் வைத்து அடுக்கினாள். பூ வேறு, கணு வேறு, உறை வேறு. கைக்குத் துணி சுற்றவில்லை. மணிக்கட்டு வரைக்கும் சிவந்து தடித்துவிட்டது.

"கையில ஏதாவது சுத்திக்கோடி" என்றாள் பியாக்வேலி.

"அவரும் ஒருநாளும் சரியாச் சுத்தினதில்லக்கா."

பியாக்வேலி பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு வெட்டினோம். ஆரம்பத்தில் அரிப்பு தாங்காமல் ஆளுக்கு ஆள் துள்ளியது சிரிப்பாக இருந்தது. "முதுகச் சொறிஞ்சு விடுடா, உனக்கு ஒரு பன்றி தரேன்" என்று ஒருவர் கத்த, "எந்தப் பன்றி, உங்க மச்சானா?" என்று இன்னொருவர் கேட்டார். மதியத்துக்குமேல் கேலி ஓய்ந்தது. பள்ளத்துக்குள் இறங்கியதையும் பாறைமேல் படர்ந்ததையும் தேடித் தேடி வெட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வேலையை அரைகுறையாக விடமாட்டார்கள். குவித்துத் தீ வைத்தபோது, கணுக்கள் பட்பட்டென்று வெடித்த சத்தம் கீழே ஊர்வரைக்கும் கேட்டதாம். சியாம்கிமி எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ரெம்சாங்கா சார் வந்தபோது தாள்கள் காய்ந்து தயாராக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் இருந்தது. இதைவிட நன்றாகத் தன் மாணவர்களே செய்ததில்லை என்றார். பிறகு சியாம்கிமியோடு முகட்டுக்குப் போய் இருட்டும்வரை தேடினார். நிற்கும் தூறு ஒன்றுகூட இல்லை. இறங்கி வந்தவர் ராங்துலா வீட்டில்தான் சாப்பிட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ராங்துலாவுக்குத் தாங்க முடியவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த வருடம் எலி வரவில்லை. வெட்டியதால்தான் வரவில்லை என்பவர்களும் உண்டு. வெட்டாவிட்டாலும் வந்திருக்காது என்பவர்களும் உண்டு. சந்தையில் இன்னமும் இந்தச் சண்டை ஓடுகிறது.

அடுத்த வருடக் கடைசியில் சார் மறுபடி வந்தார். பெயர் அச்சாகிவிட்டது. கைப்பேசியில் அந்தப் பக்கத்தை எடுத்து சியாம்கிமியிடம் காட்டினார். வான்குங்கா என்ற பெயருக்குப் பின்னால் லத்தீன் மொழியில் ஒரு வால் ஒட்டியிருந்தது. அப்புறம் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். எங்கேயோ ஒரு கூட்டம். மேடையில் ஒரு வெளிநாட்டுப் பெண் வேகமாகப் பேசிக்கொண்டே போகிறாள். நடுவில் அந்தப் பெயர் வந்தது. வான் என்பதை இழுத்து, குங்காவை விழுங்கி, தப்பும் தவறுமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நிற்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

சியாம்கிமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன சார் இது, இவரு பேர இந்தப் பாடு படுத்துறா. இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். மறுபடி கேட்டாள். எத்தனை தடவை கேட்டாள் என்று தெரியாது. நெருப்பில் வைத்த கறி தீய்ந்து பியாக்வேலி வந்து இறக்கினாள்.

பிறகுதான் சியாம்கிமி கேட்டாள். "அந்தப் பேருக்குக் கீழ என்னவோ எழுதியிருக்கே, அது என்ன சார்?"

"இது எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எழுதணும்க்கா. அழியும் நிலைல இருக்குன்னு போட்டிருக்கேன். இப்ப நிக்கிறது எவ்வளவுன்னு தெரியலன்னு போட்டிருக்கேன்."

"தெரியலன்னா?"

"வெட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு விதையாவது விழுந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இந்தப் பதிலை அவள் முன்பே ஒருமுறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

இப்போது குளிர்காலத்துக்கு மட்டும் என்று இல்லை, மழை விட்டால் போதும், மேலே போகிறாள். போன மாதம் நானும் கூடப் போனேன். எரித்த இடத்துக்குப் பக்கத்தில், பாசி பிடித்த ஒரு பாறையின் ஓரம், கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பச்சை முளைகள் வந்திருக்கின்றன. மலைமாடுகள் மேய்ந்துவிடாமல் சுற்றிலும் குச்சி நட்டு, கொடியால் கட்டியிருக்கிறாள். படம் எடுத்து சாருக்கு அனுப்பினோம். முளையில் மூங்கிலும் புல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும், தண்டு முற்றிக் கணு வரட்டும், பொறுங்கள் என்று பதில் வந்தது.

ஊரில் கேலி செய்யாமல் இருப்பார்களா? "ஊரெல்லாம் புல்ல மாட்டுக்குப் போடுது, ஜோவி அம்மா மட்டும் மாட்ட விரட்டிட்டுப் புல்ல வளக்குது" என்கிறார்கள். அவள் அதற்கும் சிரிக்கிறாள். ராங்துலா சிரிப்பதில்லை. அவர் நட்ட குச்சிகளும் அந்த வேலியில் இருக்கின்றன என்று சியாம்கிமி சொன்னாள்.

அன்று வெகுநேரம் அந்த முளைகளுக்கு முன்னால் குந்தியிருந்தாள். சுற்றிலும் களை அடர்ந்து, முளைகளை நெருக்கிக்கொண்டிருந்தது. அவள் கை தானாக அதன் பக்கம் போயிற்று. ஒரு களையின் அடியை விரலால் பிடித்தாள். உற்றுப் பார்த்தாள். விட்டுவிட்டாள். எது புல், எது அவர் என்று தெரியாததால், அந்த வேலிக்குள் அவள் எதையும் பிடுங்கவில்லை.